பதினேழு வயது முதலாளிக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமா?

2025-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் சேர்க்கை முடிவுகள் வெளியான கையோடு, ஒரு பள்ளி மாணவர் எக்ஸ் தளத்தில் போட்ட பட்டியல் நாடு முழுக்கப் பேச்சானது. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜாக் யாதேகாரிக்கு அப்போது வயது 18. சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்தால் எத்தனை கலோரி என்று சொல்லும் ‘கால் ஏஐ’ செயலியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பள்ளி மதிப்பெண் சராசரி 4.0, ஏசிடி தேர்வில் 36-க்கு 34, நிறுவனத்தின் ஆண்டு வருவாய் 3 கோடி டாலர் என்று அவரே எழுதியிருந்தார். விண்ணப்பித்த 18 கல்லூரிகளில் 15 கைவிரித்துவிட்டன. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி மூன்றும் அந்தப் பதினைந்தில் அடக்கம். ஜார்ஜியா டெக், ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், மயாமி பல்கலைக்கழகம் ஆகியவை இடம் கொடுத்தன. கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் பையனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எங்கே போவது என்று ஒரு தரப்பு கொதித்தது. கல்லூரியே வேண்டாம் என்று நினைத்திருந்ததைச் சேர்க்கைக் கட்டுரையிலேயே எழுதினால் யார்தான் எடுப்பார்கள் என்று இன்னொரு தரப்பு கேட்டது. இந்தச் சண்டையில் அடிப்படையான கேள்வி ஒன்று அடிபட்டுப் போயிற்று: பள்ளிப் பருவத்தில் ஒருவர் நடத்தும் தொழிலைச் சேர்க்கை அலுவலகம் என்னவாகப் பார்க்கிறது?

அமெரிக்காவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வேடிக்கை பார்க்கும் விஷயம் இல்லை. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்ததுமே, “ஏதாவது ஒரு ஸ்டார்ட்-அப் ஆரம்பிச்சா அப்ளிகேஷனுக்கு வெயிட்டா இருக்கும்” என்ற யோசனை யாரிடமிருந்தாவது வந்துவிடுகிறது. இந்த ‘வெயிட்’ என்ற எண்ணத்துக்குப் பின்னால் நம் ஊர் பழக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, தரவரிசைப்படி அழைக்கிறார்கள். அதில் வளர்ந்தவர்கள் எதைப் பார்த்தாலும் ‘இதற்கு எத்தனை மார்க் சேரும்?’ என்றுதான் கேட்பார்கள். அமெரிக்காவில் போட்டி மிகுந்த கல்லூரிகள் அப்படிக் கூட்டிக் கழிப்பதில்லை. மாணவரின் தொழில் அங்கே சாட்சியமாகத்தான் வாசிக்கப்படுகிறது. உண்மையில் செய்தது யார், என்ன முடிவுகளை எடுத்தார், அதை வேறொருவர் உறுதிப்படுத்த முடியுமா என்ற மூன்றும்தான் அந்தச் சாட்சியத்தின் பலம். எவ்வளவு சம்பாதித்தார் என்பது அதற்கெல்லாம் பிறகு.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் தேசியக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர் சங்கம் கல்லூரிகளிடம் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள் என்று கேட்டு அறிக்கை வெளியிடுகிறது. 2023 அறிக்கையில், பள்ளி மதிப்பெண்களுக்குக் கணிசமான முக்கியத்துவம் தருவதாக நான்கில் மூன்று பங்கு கல்லூரிகள் சொல்லியிருந்தன. பாடத்துக்கு வெளியே செய்யும் செயல்பாடுகளுக்கு அதே முக்கியத்துவம் தருவதாகச் சொன்னவை நூற்றுக்குப் பத்துகூட இல்லை. சிறுதொழில் அந்தச் செயல்பாடுகளில் ஒன்று மட்டும்தான். அதோடு பெரும்பாலான கல்லூரிகளில் போட்டி நாம் கற்பனை செய்யும் அளவுக்குக் கடுமையாக இல்லை. 2017 சேர்க்கையை ஆராய்ந்த பியூ ஆய்வு மையம், 1,364 நான்காண்டுக் கல்லூரிகளில் பாதிக்கும் மேற்பட்டவை விண்ணப்பித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானோரை ஏற்றன என்று கண்டது. நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாக ஏற்றவை வெறும் 17. பிள்ளை போகப்போவது அந்தப் பதினேழுக்கு வெளியே உள்ள ஒரு நல்ல மாநிலப் பல்கலைக்கழகம் என்றால், தொழில் இருக்கிறதா என்ற கேள்விக்கு முன்னால் கணக்கிலும் ஆங்கிலத்திலும் என்ன கிரேடு என்ற கேள்வி நிற்கிறது. ஒவ்வொரு கல்லூரியின் கணக்கையும் நாமே சரிபார்க்க வழி உண்டு. ‘காமன் டேட்டா செட்’ என்ற பொதுப் படிவத்தைப் பல கல்லூரிகள் ஆண்டுதோறும் இணையத்தில் வைக்கின்றன. அதன் சி7 பகுதியில் வெளிச் செயல்பாடுகள், தன்னார்வப் பணி, வேலை அனுபவம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிகள் இருக்கும். ஒவ்வொன்றும் மிக முக்கியமா, முக்கியமா, கவனிக்கப்படுமா, கவனிக்கப்படாதா என்று கல்லூரியே குறித்திருக்கும். கன்சல்டன்ட் சொல்வதைக் கேட்பதற்கு முன் அந்த ஒரு பக்கத்தைப் பார்ப்பது காசையும் மிச்சப்படுத்தும், கவலையையும் குறைக்கும்.

அடுத்தது, இந்தத் தொழில் அதிகாரியின் கண்ணில் படும் வடிவம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் ‘காமன் ஆப்’ படிவத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள் உண்டு. பதவியின் பெயருக்கு 50 எழுத்துகள், அமைப்பின் பெயருக்கு 100, செய்த வேலையை விவரிக்க 150. கூடவே வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்ற இரண்டு எண்கள். இரண்டு ஆண்டு உழைப்பு ஒரு குறுஞ்செய்தி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. தனிப் படிவம் வைத்திருக்கும் எம்ஐடி நான்கே செயல்பாடுகளைத்தான் கேட்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் படிவம் தாராளம்: இருபது இடங்கள், விவரிக்க 350 எழுத்துகள். எப்படியிருந்தாலும் இடம் குறுகல் என்பதால் எதை எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாசனை மெழுகுவத்தி விற்ற இரண்டு மாணவிகளை வைத்துக்கொள்வோம். ஒருத்தி, ‘நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி. கைவினை மெழுகுவத்தி பிராண்டை உருவாக்கி, குழுவை வழிநடத்தி, சமூகத்தில் தாக்கம் ஏற்படுத்தினேன்’ என்று எழுதுகிறாள். இன்னொருத்தி, ‘ஊற்றுவது, பேக்கிங், கணக்கு மூன்றும் நான். கண்ணாடிக் குப்பி தபாலில் உடைந்ததால் தகரத்துக்கு மாற்றினேன். விலை 12 டாலரிலிருந்து 9. விற்பனை இரட்டிப்பு’ என்று எழுதுகிறாள். முதல் வரியை எந்தத் தொழிலுக்கும் ஒட்ட வைக்கலாம். இரண்டாவதில் சிக்கல், முடிவு, விளைவு மூன்றும் இருக்கின்றன. அதைச் செய்யாதவளுக்கு எழுதத் தெரியாது. வருவாயில் முதல் மாணவி பத்து மடங்கு முன்னால் இருந்தாலும், அதிகாரிக்கு ஒரு ஆளைத் தெரிய வைப்பது இரண்டாவது வரிதான்.

அதிகாரிகள் எப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்பதற்கு ஒரு நேரடி ஆவணம் இருக்கிறது. ஆசிய அமெரிக்க விண்ணப்பதாரர்களுக்கு ஹார்வர்டு பாரபட்சம் காட்டுகிறது என்று தொடரப்பட்ட வழக்கில் 2018-இல் விசாரணை நடந்தபோது, உள்ளுக்குள் மட்டும் புழங்கிய தர வழிகாட்டி வெளியே வந்தது. வெளிச் செயல்பாடுகளுக்கு 1 முதல் 6 வரை எண் போடுகிறார்கள். 1 என்றால் தேசிய அளவிலான அசாதாரண சாதனை. 2 என்றால் மாணவர் தலைவர், பள்ளிப் பத்திரிகை ஆசிரியர் போன்ற வலுவான பங்களிப்பு. 3 என்றால் ஒழுங்காகப் பங்கேற்றார், தனிச்சிறப்பு இல்லை. 4 என்றால் பெரிதாக எதுவும் இல்லை. இந்த அளவுகோலில் பெரும்பாலான பள்ளிச் சிறுதொழில்கள் மூன்றைத் தாண்டுவது கடினம். கவனிக்க வேண்டியது ஐந்தாவது எண். அது நான்கைவிட மோசமான தரம் கிடையாது. குடும்பப் பொறுப்பு, பள்ளி நாட்களில் செய்யும் வேலை போன்ற வழக்கமான வகைக்குள் வராத கணிசமான உழைப்பைக் குறிக்கும் தனி அடையாளம். மற்றச் செயல்பாடுகளோடு சேர்த்துத் தரத்தை உயர்த்தவும் அது பயன்படலாம் என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது. அப்பாவின் மளிகைக் கடையில் மாலை நேரம் கல்லாவில் உட்காரும் பையனையும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணையும் பார்ப்பதற்கென்றே ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். காமன் ஆப் பட்டியலிலும் ‘சம்பள வேலை’, ‘குடும்பப் பொறுப்புகள்’ என்ற வகைகள் தனியாக உண்டு. பகட்டான பெயரில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்வதைவிட இருக்கும் கடையில் உண்மையாக உழைப்பது தாழ்ந்தது என்ற எண்ணத்துக்கு இங்கே ஆதாரம் இல்லை.

சாட்சியம் என்றால் குறுக்கு விசாரணையும் உண்டு. பதினெட்டு வயது ஆகாதவர் அமெரிக்காவில் தன் பெயரில் வியாபாரம் செய்வதில் சட்டச் சிக்கல் பல. அவர் போடும் ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் அவரே ரத்து செய்துவிட முடியும் என்பதால் நிறுவனங்கள் தயங்குகின்றன. பேபால் கணக்குக்கு 18 வயது வேண்டும். எட்ஸியில் சிறுவர்கள் பெற்றோர் அல்லது காப்பாளர் கணக்கின் வழியாகத்தான் விற்க முடியும். ஆகவே காகிதத்தில் பார்த்தால் பிள்ளையின் கடை பெரும்பாலும் அம்மா அல்லது அப்பாவின் கடை. இது அதிகாரிகளுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. அதனால் அவர்கள் மற்றக் காகிதங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வாரம் 25 மணி நேரம் தொழில் பார்த்ததாக எழுதியிருந்தால், அந்தப் பருவத்து கிரேடுகளும் பள்ளி ஆலோசகரின் கடிதமும் அதோடு பொருந்த வேண்டும். விண்ணப்பத்தில் உள்ளது எல்லாம் உண்மை என்று மாணவர் கையொப்பமிடுகிறார். பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தையே பறிக்கலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் விண்ணப்பதாரர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, எழுதியதற்கு ஆதாரம் கேட்கிறது. தராவிட்டால் விண்ணப்பமே ரத்தாகும். தேதி போட்ட ரசீது, வாடிக்கையாளர் மின்னஞ்சல், கையால் எழுதிய வரவு செலவு நோட்டு ஆகியவை அப்போது கைகொடுக்கும். பளபளப்பான லோகோவால் அந்த உதவி கிடைக்காது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். இப்படி ஆளைப் பார்த்து வாசிப்பது பணக்காரர்களுக்குச் சாதகமான ஏற்பாடுதானே? முதலீடு தர அப்பா, வலைத்தளம் போட மாமா, கட்டுரை திருத்த ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஆலோசகர் என்று இருப்பவர் பிள்ளைதானே நிறுவனர் ஆக முடியும்? இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. 2018 முதல் 2020 வரை இரண்டு பருவங்களில் வந்த ஏறக்குறைய 60 லட்சம் காமன் ஆப் விண்ணப்பங்களை ஆராய்ந்த கல்வியாளர்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகளும் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் அதிகச் செயல்பாடுகளையும் அதிகத் தலைமைப் பதவிகளையும் எழுதுகிறார்கள் என்று காட்டினார்கள். பத்து இடங்களைக் குறைக்கலாம் என்றும் சொன்னார்கள். ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. ஐவி லீக்கின் எட்டோடு ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டியூக், சிகாகோ சேர்ந்த பன்னிரண்டு கல்லூரிகளில், ஒரே தேர்வு மதிப்பெண் பெற்ற நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட மேல்தட்டு ஒரு விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை சேரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். முன்னாள் மாணவரின் வாரிசுகளுக்கான சலுகை, விளையாட்டு வீரர் சேர்ப்பு ஆகியவற்றோடு, படிப்பு சாராத தரமதிப்பீடும் அதற்குக் காரணம். அந்தத் தரமதிப்பீடு பிற்காலச் சாதனையைக் கணிக்கவும் உதவவில்லை.

ஆனால் இந்த ஆய்வுகள் கல்லூரிகளைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. நடுத்தரக் குடும்பத்துப் பெற்றோருக்கு அவற்றிலிருந்து கிடைக்கும் பாடம், பணக்காரர் ஆடும் ஆட்டத்தை நாமும் ஆடுவோம் என்பதாக இருக்க முடியாது. நிறுவனர் பட்டத்தைக் காசு கொடுத்து உருவாக்கும் போட்டியில் அதிகக் காசு வைத்திருப்பவரே ஜெயிப்பார். பணத்தால் வாங்க முடியாதது ஒன்று உண்டு: தானே செய்தவருக்கு மட்டும் தெரியும் விவரம். தகர டப்பாவுக்கு ஏன் மாறினாய் என்று கேட்டால் அந்த மாணவிக்கு இருபது நிமிடம் பேச விஷயம் இருக்கும். அரசியல்வாதி வீட்டுக் கல்யாணத்தில் வாடகைக்குப் பிடித்த கூட்டம் போலத் தலைமைப் பதவிகள் பெருகும்போது, சின்னதானாலும் சொந்தமாக நிற்கும் ஒரு வேலை தனியாகத் தெரியும் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. இது உத்தரவாதம் ஆகாது. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையின் கையில் இருக்கும் நல்ல துருப்பு இதுதான் என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொரு ஆட்சேபம் யாதேகாரியின் பட்டியலிலேயே இருக்கிறது. மூன்று கோடி டாலர் தொழிலே கதவைத் திறக்கவில்லை என்றால் தொழிலால் பயனே இல்லை என்றுதானே அர்த்தம்? ஒரே ஒருவரின் முடிவிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. 2028-இல் பட்டம் பெறவிருக்கும் வகுப்புக்கு ஹார்வர்டில் விண்ணப்பித்தவர்கள் 54,008; இடம் பெற்றவர்கள் 1,937. நூறில் நான்கு பேர்கூட உள்ளே போக முடியாத வாசலில், மறுக்கப்பட்ட தொண்ணூற்றாறு பேரில் பெரும்பகுதி நன்றாகப் படித்தவர்களே. ஆகவே மறுப்பைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட தகுதியை எடைபோடவே இயலாது. ஒன்றை மட்டும் சொல்லலாம்: தொழிலின் பெருந்தொகையைக் கல்லூரிகள் நுழைவுச் சீட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பிள்ளைக்கு எங்களிடம் என்ன கற்க வேண்டியிருக்கிறது, வகுப்பறைக்கு இவர் என்ன கொண்டுவருவார் என்பதுதான் அவர்கள் கேள்வி. வெற்றி பெரிதாக இருந்தால் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. முதலாமாண்டு மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, கல்லூரிப் பணத்தைக் கடனாகக் கொடுத்துத் தொழில் நடத்த வைக்கும் பாப்சன் கல்லூரியில் ஒரு சிறுதொழில்காரருக்கு அந்தப் பதில் எளிது. தத்துவமோ வேதியியலோ படிக்கப் போகிறவர் அதைச் சிரமப்பட்டுக் கோக்க வேண்டும்.

லாபத்தைப் பேசும்போது செலவையும் பேச வேண்டும். ஆலோசகர்கள் அதிகம் தொடாத இடம் இது. சொந்தத் தொழிலில் ஆண்டு நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டால், வயது என்னவானாலும் வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். வருமான வரி வராவிட்டாலும் 15.3 விழுக்காடு சுயதொழில் வரி வரும். 5,000 டாலர் லாபத்துக்கு அது சுமார் 706 டாலர். அடுத்தது மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவம். அது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தைப் பார்க்கிறது. 2027 இலையுதிர்காலத்தில் சேர்பவருக்கு 2025 வருமானம், அதாவது பத்தாம் வகுப்பின் பின்பாதியும் பதினொன்றின் முன்பாதியும். ஒரு வரம்புக்கு மேல் மாணவர் சம்பாதித்ததில் பாதி, ‘குடும்பத்தால் கட்ட முடியும்’ என்ற கணக்கில் ஏறிவிடும். சேமிப்பிலும் பேதம் உண்டு. மாணவர் பெயரில் உள்ள 10,000 டாலரில் ஆண்டுக்கு 2,000 அந்தக் கணக்கில் சேரும். அதே பணம் பெற்றோர் பெயரில் இருந்தால் அதிகபட்சம் 564. விண்ணப்பத்துக்கு உதவிய வருவாய் உதவித்தொகையில் கை வைக்கலாம். எச்-1பி விசாவில் பெற்றோர் இருந்து, எச்-4 விசாவில் வளரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து. அவர்களுக்கு வேலை அனுமதி கிடையாது. சொந்தத் தொழிலில் சம்பாதிப்பதும் வேலையாகவே கருதப்படலாம். கல்லூரிக்காக ஆரம்பித்த கடை குடியேற்ற நிலையையே சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. அந்தப் பிள்ளைகள் ஊதியம் இல்லாத சேவைத் திட்டத்திலும் வீட்டுப் பொறுப்பிலும் அதே திறமையைக் காட்ட முடியும். சந்தேகம் இருந்தால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்பதே புத்திசாலித்தனம். எல்லாருக்கும் பொதுவான செலவு நேரம். வாரம் பதினைந்து மணி நேரத்தைக் கடை எடுத்துக்கொண்டு, கால்குலஸில் கிரேடு இறங்கினால், நான்கில் மூன்று பங்கு கல்லூரிகள் முதலில் பார்ப்பதைக் கொடுத்துப் பத்தில் ஒரு பங்குகூடப் பெரிதாக எண்ணாததை வாங்கியதாகிவிடும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஒரு பிள்ளை தொழில் தொடங்க ஆசைப்பட்டால் தடுக்க வேண்டியதில்லை. விண்ணப்பக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டுத் தொடங்குவதே விண்ணப்பத்துக்கும் நல்லது. விலை வைக்கத் தெரிவது, முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசி விற்பது, வரவையும் லாபத்தையும் பிரித்துப் பார்ப்பது, ஓடாத சரக்கை நிறுத்துவது ஆகியவை எந்தக் கல்லூரி கிடைத்தாலும் கூடவே வரும். பன்னிரண்டாம் வகுப்புக்கு முன் மூடிவிட்ட கடையும் வீணில்லை. ஏன் மூடினேன் என்பதை 650 சொற்களுக்குள் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர், ஓடிக்கொண்டிருக்கும் கடையைப் பற்றிப் பெருமை அடிப்பவரைவிட நன்றாக எழுதக்கூடும். பெற்றோர் செய்யும் பெரிய உதவி, கணக்கைத் தங்கள் பெயரில் திறந்துகொடுத்துவிட்டு முடிவுகளைப் பிள்ளையிடமே விடுவது. முதல் விலை தப்பாகப் போகட்டும். வாங்கியவர் குறை சொன்னால் பதில் மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். ஐம்பது டாலர் நஷ்டத்தோடு கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வயது இல்லை. அந்த நஷ்டத்தை நோட்டில் தன் கையால் எழுதியவருக்கு, நூற்றைம்பது எழுத்துக்குள் என்ன சொல்வது என்று யாரிடமும் கேட்கும் அவசியம் வராது.